22 வருடமும் ஒரு மஞ்சள் கோடும்

ஒரே ஒரு சொல் ஏழெட்டு மாதமாக மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு எழுந்து போக மறுக்கிறது. வேறு யாராவது எழுதியதாக இருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டு மறந்திருப்பேன். எழுதியது நான். 'துறந்து' என்பதுதான் அந்தச் சொல்.

பிழைப்புக்கு நான் செய்வது நிறுவனங்களுக்கு எழுதிக் கொடுக்கும் வேலை. ஆண்டறிக்கை, துண்டுப் பிரசுரம், இணையதளத்தில் 'எங்களைப் பற்றி' பக்கம், வருடக் கடைசியில் நன்கொடையாளர்களுக்குப் போகும் கடிதம். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் தொண்டு நிறுவனங்கள். அவற்றின் தலைவர்களைப் பற்றி அறிமுகக் குறிப்பு எழுத என் கையில் ஒரு அச்சு இருக்கிறது. முதல் வரியில் வருடக் கணக்கு. இரண்டாம் வரியில் ஒரு பெரிய கம்பெனி. மூன்றாம் வரியில் ஒரு திருப்பம். திருப்பத்துக்கு என்னிடம் இருப்பவை இரண்டே சொற்கள்: 'உதறிவிட்டு', 'துறந்து'. ஆள் நாற்பதுக்குள் இருந்தால் உதறுவார், ஐம்பதைத் தாண்டியிருந்தால் துறப்பார். இப்படி எத்தனை பேரைத் துறக்க வைத்திருக்கிறேன் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு மடமே கட்டலாம்.

மாற்றுத்திறனாளிகளுக்காக நடக்கும் ஒரு தொண்டு நிறுவனத்துக்குப் புதிதாக ஒரு தலைமை நிர்வாகி வந்திருந்தார். அவருடைய பயோடேட்டா நான்கு பக்கம் எனக்கு வந்தது. சரக்கு வினியோகக் கம்பெனி ஒன்றில் 22 வருடம். குடோன் சூப்பர்வைசராகச் சேர்ந்து, மேலாளராகி, பல குடோன்களுக்குப் பொறுப்பாளராக உயர்ந்தவர். அறங்காவலர்களில் ஒருவர் போனில் கூப்பிட்டு, "கார்ப்பரேட் பேக்கிரவுண்டு சார், அதை நல்லா தூக்கிக் காட்டுங்க. நன்கொடை குடுக்கறவங்களுக்கு நம்பிக்கை வரணும்" என்றார். சரி என்றேன். ஆளைப் பார்க்காமலே எழுதிவிட்டேன். என் அச்சுக்கு ஆளைப் பார்க்க வேண்டிய அவசியம் இருந்ததில்லை. அனுப்பிய மறுநாள் அவரே கூப்பிட்டார். "நல்லா இருக்கு. ஒருதடவை நேர்ல வாங்களேன்."

போனேன். அறைக்குள் நுழைந்ததும், "நாற்காலி உங்க இடது கைப் பக்கம்" என்றார். என்னை ஒரு நொடி உற்றுப் பார்த்துவிட்டு, தலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி என் முகத்தைத் துண்டு துண்டாகச் சேகரிப்பதுபோல் பார்த்தார். "மூக்கு தெரியுது. காதுக்கு இனிமேத்தான் போகணும்" என்று சிரித்தார். அப்போதுதான் எனக்கே விஷயம் தெரியும். பயோடேட்டாவின் நான்கு பக்கத்திலும் கண்ணைப் பற்றி ஒரு எழுத்துக்கூட இல்லை.

மேஜைமேல் இருந்த போனைத் தொட்டார். திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் என் குறிப்பை வாசிக்கத் தொடங்கியது. பழகாத காதுக்கு அது தமிழ் என்றே தெரியாது. அவ்வளவு வேகம். ஆனால் அவர் சரியான இடத்தில் நிறுத்தினார். விரலைப் பின்னுக்கு இழுத்து, வேகத்தைக் குறைத்து, அந்த வரியை மட்டும் மறுபடி ஓடவிட்டார். '...பெருநிறுவனப் பதவியைத் துறந்து, சேவையே வாழ்வெனத் தேர்ந்தவர்.'

"தம்பி, நான் என்ன பட்டினத்தாரா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவரே தொடர்ந்தார். "நான் அந்த வேலையை விடலை. அதுதான் என்னை விட்டுச்சு. இங்க மாசாமாசம் சம்பளம் வாங்கறேன். முன்னைவிடக் குறைச்சல், ஆனா வாங்கறேன். இதுல எதைத் துறந்தேன்னு சொல்லுங்க, நானும் தெரிஞ்சுக்கறேன்."

மஞ்சள் கோடு

அவருக்கு வந்தது விழித்திரை நோய். பரம்பரையாக வரும் வகை. முதலில் இருட்டில் பார்வை தடுமாறும். அப்புறம் வருடக்கணக்கில், ஓரப் பார்வை கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிக்கொண்டே வரும். நடுவில் மட்டும் ஒரு வட்டம் மிஞ்சி நிற்கும், குழாய் வழியாகப் பார்ப்பதுபோல. இதில் ஒரு விசித்திரம் உண்டு. இந்தக் கட்டத்தில் ஒருவரால் மருந்துச் சீட்டின் பொடி எழுத்தைப் படிக்க முடியலாம், ஆனால் காலடியில் கிடக்கும் வாளி தெரியாது. பார்ப்பவர்கள் 'நடிக்கிறார்' என்பார்கள். 'இவ்வளவு சின்ன எழுத்தைப் படிக்கிறாரே, எப்படிக் கதவில் இடித்துக்கொள்வார்?' எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தாலும் பயனில்லை, பெரிய எழுத்து வட்டத்துக்குள் அடங்காது. வெளிச்சம் வேண்டும், நிறம் பளிச்சென்று பிரிந்து தெரிய வேண்டும், எல்லாம் இருந்த இடத்தில் இருக்க வேண்டும்.

இப்போது பயோடேட்டாவின் இரண்டாம் பக்கத்துக்கு வருகிறேன். அங்கே 'சாதனைகள்' என்ற தலைப்பின் கீழ் முதல் வரி: 'குடோன் செயல்முறையை முழுமையாகச் சீரமைத்து, சரக்கெடுப்புத் தவறுகளையும் விபத்துகளையும் குறைத்தவர்.' என் குறிப்பிலும் அதுதான் இரண்டாம் வரி. என்ன சீரமைப்பு என்று கேட்டேன். சொன்னார். நடைபாதையின் இரு ஓரமும் தரையில் மஞ்சள் கோடு. ரேக்குகளின் லேபிள் எல்லாம் ஒரே உயரத்தில், இடது கால் தூணில். நடைபாதையில் ஒரு அட்டைப்பெட்டிகூட ஒரு நிமிடம் நிற்கக் கூடாது. பகலிலும் எல்லா விளக்கும் எரிய வேண்டும்.

"இதெல்லாம்..." என்று இழுத்தேன்.

"எனக்காகப் பண்ணினது" என்றார். "ஆறேழு வருஷம் யாருக்கும் சொல்லாம வெச்சிருந்தேன். குடோன் பூரா எனக்கு மனப்பாடம். எந்த இடத்துல எத்தனை அடி வைக்கணும்னு கால் சொல்லும். ஆனா யாராவது ஒரு பெட்டியை வழியில வெச்சா நான் காலி. அதுக்காகத்தான் சட்டம் போட்டேன். மேலிடத்துல அதைப் பார்த்துட்டு மத்த குடோனுக்கெல்லாம் எடுத்துட்டுப் போனாங்க. விருதுகூடக் குடுத்தாங்க. மேடையில படிக்கட்டு எங்க இருக்குன்னு முந்தின நாளே போய்ப் பார்த்துட்டு வந்தேன்."

எழுதுகிறவனுக்கு இப்படி ஒரு கதை கிடைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கேயே மனசுக்குள் தலைப்பு வைத்துவிட்டேன். அவர் என் மௌனத்தைப் படித்துவிட்டார். "இதை எழுதாதீங்க" என்றார் உடனே. "இது வீரம் இல்ல தம்பி, பயம். போர்க்லிஃப்ட் ஓடுற இடம் அது. எனக்கு வலது பக்கம் முழுக்க இருட்டு. ஒருநாள் அந்தப் பக்கமிருந்து ஒரு வண்டி வருது. ஒரு லோடுமேன் சட்டைக் காலரைப் பிடிச்சு இழுத்தான். அவன் இழுக்கலேன்னா நான் இல்ல. வண்டியை ஓட்டின பையன் வாழ்க்கையும் போயிருக்கும். அன்னிக்குச் சாயந்தரம்தான் ஆபீஸ்ல போய்ச் சொன்னேன்."

சொன்ன பிறகு நடந்தது நமக்குத் தெரிந்த கதைதான். ஆறுதல், தோளில் தட்டல், 'ஆலோசகர்' என்று ஒரு பதவி, வேலை எதுவும் வராத ஒரு மேஜை, எட்டு மாதம் கழித்து ஒரு கணக்குத் தீர்ப்பு. பிறகு 14 மாதம் வீட்டில். அந்த 14 மாதமும் பயோடேட்டாவில் இல்லை. தேதிகளில் மாதத்தை எடுத்துவிட்டு வருடத்தை மட்டும் போட்டால் இரண்டு வேலைக்கும் நடுவிலுள்ள பள்ளம் மூடிக்கொள்ளும். வேலை தேடிய எல்லாருக்கும் தெரிந்த கைவேலை இது. நானே பலருக்குச் செய்து கொடுத்திருக்கிறேன்.

அந்தப் பள்ளத்துக்குள் என்ன இருந்தது? வெள்ளைக் கோலைப் பிடிக்கக் கற்றுக்கொண்டது. ஸ்கிரீன் ரீடரில் கடிதம் எழுதக் கற்றுக்கொண்டது. தெருவைக் காதால் கடக்கக் கற்றுக்கொண்டது. இன்று அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலிக்கு நேரடியாகத் தேவைப்படும் படிப்பு எல்லாம் அந்த 14 மாதத்தில்தான் இருக்கிறது. நான்கு பக்கத்தில் அதற்கு இடமில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன். 'பயோடேட்டாவில் இல்லாததுதான் உண்மையான தகுதி' என்று ஒரு அழகான முடிவுக்கு வந்து, அன்று நன்றாகத் தூங்கியும் இருப்பேன். கிளம்பும்போது அவர் சொன்ன ஒன்றுதான் அந்த முடிவைக் கெடுத்தது.

"எனக்குக் கோல் பிடிக்கச் சொல்லிக் குடுத்தது யார் தெரியுமா? இங்கதான் வேலை பார்க்கறாங்க. என் வயசுல பாதி. பிறவியிலேயே பார்வை இல்ல. 11 வருஷமா இதே நிறுவனம். நடமாட்டப் பயிற்சி குடுக்கறாங்க. எனக்குச் சொல்லிக் குடுத்தவங்களுக்கு இன்னிக்கு நான் மேலாளர். போர்டு என்னை எடுத்தது என் கண்ணுக்காக இல்ல, குடோனுக்காக. அவங்களுக்குக் குடோன் இல்ல. ஏன் இல்லைன்னு யோசிச்சுப் பாருங்க."

மறைக்க முடிந்தவர், மறைக்க முடியாதவர்

யோசித்தேன். முதலில் பதில் சாதாரணமாகத்தான் தெரிந்தது. அவருக்கு அனுபவம் இருந்தது, அந்தப் பெண்ணுக்கு இல்லை. பிறகுதான் உறைத்தது. அவருக்கு அந்த 22 வருடம் எப்படிக் கிடைத்தது? பார்வை மெதுவாகப் போனதால், போவதை மறைக்க முடிந்ததால். வேலைக்குச் சேர்ந்த நாளில் அவர் கையில் வெள்ளைக் கோல் இருந்திருந்தால் அந்தக் குடோனின் வாசலைத் தாண்டியிருப்பாரா? சூப்பர்வைசர் வேலைக்கே விண்ணப்பம் போயிருக்காது. அந்தப் பெண்ணால் ஒருநாளும் மறைக்க முடிந்ததில்லை. எனவே ஒருநாளும் 'கார்ப்பரேட் பேக்கிரவுண்டு' கிடைத்ததில்லை. அறங்காவலர் குழு தலைமைப் பதவிக்குக் கேட்கும் தகுதி எதுவோ, அதைத்தான் இந்த உலகம் மாற்றுத்திறனாளிக்கு முதல் வாசலிலேயே மறுக்கிறது. அப்புறம் மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனத்திலேயே அது இல்லை என்று சொல்லி மறுபடி மறுக்கிறோம்.

இந்தக் கோணத்தில் பார்க்கத் தொடங்கியதும் தெரிந்த பெயர்களெல்லாம் வேறு மாதிரி அடுக்கிக்கொண்டன. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மறுவாழ்வு மருத்துவத் துறையை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர், நியூயார்க் போய்ப் பயிற்சி பெற்றுத் திரும்பி வந்தவர். மகத்தான வாழ்க்கை, சந்தேகமில்லை. ஆனால் 1954-இல் விபத்து நடந்தபோது அவர் ஏற்கெனவே டாக்டர். சக்கர நாற்காலியோடு மருத்துவக் கல்லூரி நேர்முகத் தேர்வுக்கு ஒரு பெண் அன்றைக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டுப் பார்க்கிறேன்.

கேட்கவே வேண்டாம், நியூயார்க்கில் அதற்குப் பதில் இருக்கிறது. போலியோவால் சக்கர நாற்காலியில் இருந்த ஜூடித் ஹியூமன், ஆசிரியர் உரிமத்துக்கான எழுத்துத் தேர்வையும் வாய்மொழித் தேர்வையும் தேறினார். மருத்துவப் பரிசோதனையில் தள்ளிவிட்டார்கள். 1970-இல் நீதிமன்றம் போய்த்தான் வகுப்பறைக்குள் நுழைந்தார். பின்னாளில் அமெரிக்கக் கல்வித் துறையில் உதவிச் செயலர் ஆன பிறகு அவருடைய அறிமுகக் குறிப்பு எத்தனையோ பேர் எழுதியிருப்பார்கள். முதல் வேலைக்கே வழக்குப் போட வேண்டியிருந்த ஆளுக்கு இருபது வருட நிர்வாக அனுபவம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி அந்தக் குறிப்புகளில் இருந்திருக்காது. இருந்தாலும் நான்காம் வரியில், பூச்சூட்டி.

எனக்கு இவர்களில் மிகவும் பிடித்தது எட் ராபர்ட்ஸின் பயோடேட்டா. பதினான்கு வயதில் போலியோ. கழுத்துக்குக் கீழே பெரும்பாலும் அசைவில்லை, தூங்குவதற்கு, மூச்சு விட உதவும் இரும்பு நுரையீரல் இயந்திரம். உடற்பயிற்சி வகுப்பும் வாகனம் ஓட்டும் பயிற்சியும் முடிக்கவில்லை என்று உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழையே நிறுத்தி வைக்கப் பார்த்தார்கள். கல்லூரிச் செலவுக்கு கலிஃபோர்னியா மாநில மறுவாழ்வுத் துறையிடம் போனபோது, இவர் வேலைக்குப் போவது சாத்தியமில்லை என்று எழுதி மறுத்தார்கள். போராடி வாங்கி, 1962-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இயந்திரத்தின் எடையைத் தாங்கும் விடுதி அறை கிடைக்காமல் வளாக மருத்துவமனையின் ஒரு வார்டில் தங்கிப் படித்தார். 1970-களின் நடுவில், மாநில ஆளுநர் ஜெர்ரி பிரவுன் அவரை அதே மறுவாழ்வுத் துறைக்கு இயக்குநராக நியமித்தார். வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிய அலுவலகத்தின் தலைமை நாற்காலி. அங்கே பழைய கோப்பைத் தேடி எடுத்துப் பார்த்தாரா என்று நினைத்துப் பார்ப்பதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம் உண்டு.

ராபர்ட்ஸ் விதிவிலக்கு. ஒரு ஆளுநர் வழக்கமான தகுதிப் பட்டியலைத் தூக்கிப் போட்டதால் நடந்தது. நமது குழுக்களில் அப்படித் தூக்கிப் போடுகிறவர் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. என்னிடம் வரும் விளம்பர வாசகங்களில் எல்லாம் 'குறைந்தது 15 ஆண்டு மூத்த நிர்வாக அனுபவம்' என்றுதான் இருக்கும். அடியில் சின்னதாக, 'மாற்றுத்திறனாளிகள் விண்ணப்பிப்பதை ஊக்குவிக்கிறோம்'. மேல் வரி கதவைச் சாத்துகிறது, கீழ் வரி வரவேற்பு வாசகம் மாட்டுகிறது.

கொடையும் கிழமையும்

பள்ளியில் வேற்றுமை உருபு படித்தது ஞாபகம் இருக்கும். நான்காம் வேற்றுமை 'கு'. அதன் பொருள்களை வரிசையாக ஒப்பிக்கச் சொல்வார்கள்: கொடை, பகை என்று தொடங்கும். ஆறாம் வேற்றுமை 'அது', 'உடைய'. அதன் பொருள் கிழமை, அதாவது உரிமை. மாற்றுத்திறனாளிகளுக்கான அமைப்பு, மாற்றுத்திறனாளிகளின் அமைப்பு. கேட்பதற்கு இரண்டும் ஒன்றுபோலத்தான். முன்னதில் கொடை, பின்னதில் உரிமை. (கொடைக்கு அடுத்தே பகையை வைத்த இலக்கணக்காரருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.) இது வெறும் சொல் விளையாட்டு இல்லை. ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைக் குழு 2018-இல் வெளியிட்ட விளக்கத்தில் இந்த இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. தலைமையும் நிர்வாகமும் மாற்றுத்திறனாளிகள் கையில் இருப்பது ஒரு வகை, மற்றவர்கள் அவர்களுக்காக நடத்துவது வேறு வகை. ஒன்று பேச வேண்டிய இடத்தில் மற்றது பேசக் கூடாது.

இந்த வேறுபாடு ஒரே வீட்டுக்குள் நேருக்கு நேர் மோதியது இங்கிலாந்தில். லெனார்டு செஷயர் இரண்டாம் உலகப் போரில் நூறு முறைக்குமேல் குண்டுவீச்சுக்குப் பறந்த விமானி, பிரிட்டனின் உயரிய வீர விருதான விக்டோரியா கிராஸ் பெற்றவர், நாகசாகியில் அணுகுண்டு விழுந்ததை விமானத்திலிருந்து பார்த்த சாட்சி. 1948-இல், போக்கிடம் இல்லாமல் செத்துக்கொண்டிருந்த ஒருவரை லெ கோர்ட் என்ற தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டதிலிருந்து அவருடைய தொண்டு நிறுவனம் பிறந்தது. அறிமுகக் குறிப்பு எழுத இதைவிட நல்ல வாழ்க்கை அமையாது. உண்மையாகவே துறந்தவர் என்றுகூடச் சொல்லலாம்.

அதே லெ கோர்ட்டில் 1956 முதல் வசித்தவர் பால் ஹன்ட். தசைச் சிதைவு நோய் உள்ளவர், இளம் வயதிலிருந்தே மருத்துவமனையிலும் விடுதியிலும் வாழ்ந்தவர். அவருடைய பயோடேட்டாவில் 'விடுதிவாசி' என்பதற்குமேல் எழுத ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் எப்போது படுக்கைக்குப் போக வேண்டும் என்பதில்கூட விடுதிவாசிக்குச் சொல் இல்லாத நிலையை அவரும் அவர் கூட்டாளிகளும் நிர்வாகத்தோடு மோதி மாற்றினார்கள். 1972 செப்டம்பரில் கார்டியன் பத்திரிகைக்கு அவர் எழுதிய ஒரு சிறிய கடிதத்திலிருந்து ஒரு சங்கம் பிறந்தது. எங்களை முடமாக்குவது எங்கள் உடம்பு இல்லை, சமூகம் கட்டிவைத்திருக்கும் அமைப்பு என்று அந்தச் சங்கம் 1970-களில் எழுதி வைத்ததைத்தான் இன்று உலகம் முழுக்க மாற்றுத்திறன் கல்வியில் முதல் பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள். செஷயரை நான் குறைத்துச் சொல்லவில்லை. வீடு இல்லாதவருக்கு அவர் வீடு கொடுத்தார். ஆனால் அந்த வீட்டில் என்ன கோளாறு என்று சொல்லக்கூடிய அனுபவம் விமானிக்கு இல்லை, விடுதிவாசிக்கு இருந்தது.

இதையெல்லாம் படித்துவிட்டு, நல்ல சூட்டோடு நம் தலைமை நிர்வாகியிடம் திரும்பிப் போனேன். மாற்றுத்திறனாளிகள் நிறுவனத்துக்கு மாற்றுத்திறனாளிதான் தலைவராக இருக்க வேண்டும், அனுபவம் என்றால் அந்த அனுபவம்தான் என்று ஒரு பிரசங்கம் செய்தேன். பொறுமையாகக் கேட்டார். "எனக்குக் கண்ணு போச்சு. அதனால காது கேட்காத பிள்ளைங்களைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? சேர்ந்த மூணாவது வாரம், அவங்க கூட்டத்துல இருட்டுல படம் போட்டுக்கிட்டே பேசச் சொல்லிட்டேன். இருட்டுல சைகை கண்ணுக்குத் தெரியாதுன்னு ஒருத்தரும் சொல்லலை, எழுந்து போயிட்டாங்க. அதுமட்டுமில்ல. மாசக் கடைசியில 40 பேருக்குச் சம்பளம் போடணும். அது குடோன்ல படிச்சதுதான்."

காலாடெட்டில் இரண்டு தடவை

அவர் சொன்னதற்கும் நான் படித்ததற்கும் நடுவில் மாட்டிக்கொண்டபோதுதான் காலாடெட் பல்கலைக்கழகத்துக்குள் போய் விழுந்தேன். வாஷிங்டனில் 1864 முதல் காது கேளாதவர்களுக்காக நடக்கும் உயர்கல்வி நிறுவனம். 1988 மார்ச் வரை அதன் தலைவர்கள் அத்தனை பேரும் காது கேட்பவர்கள். அந்த மார்ச்சில் இறுதிச் சுற்றுக்கு வந்த மூவரில் இருவருக்குக் காது கேட்காது. ஹார்வி கார்சன், காது கேளாதோர் பள்ளி ஒன்றின் தலைவர். ஐ. கிங் ஜோர்டன், காலாடெட்டிலேயே ஒரு புலத்தின் தலைவர். மூன்றாமவர் எலிசபெத் சின்சர், வேறொரு பல்கலைக்கழகத்தின் உயர் நிர்வாகி. காது கேட்கும், சைகை மொழி தெரியாது. ஆட்சிக்குழு சின்சரைத் தேர்ந்தெடுத்தது. தாளில் அவர்தான் கனம். மறுநாள் காலை மாணவர்கள் வளாகக் கதவுகளைப் பூட்டிவிட்டார்கள். ஒரு வாரம். சின்சர் விலகினார், குழுவின் தலைவி விலகினார், மார்ச் 13 அன்று ஜோர்டன் முதல் காது கேளாத தலைவர் ஆனார். குழுவிலும் காது கேளாதவர்கள் பெரும்பான்மையாக வேண்டும் என்பதையும் ஏற்றுக்கொண்டார்கள்.

எல்லாரும் கொண்டாடும் கதை இது, நானும் கொண்டாடுகிறேன். ஆனால் பட்டினத்தார் கேள்விக்குப் பிறகு என் கண் வேறொரு இடத்தில் போய் நின்றது. ஜோர்டனுக்குக் காது போனது 21 வயதில், மோட்டார் சைக்கிள் விபத்தில். அதுவரை கேட்டு வளர்ந்தவர், சரளமாகப் பேசக்கூடியவர். கார்சனை விட்டு ஜோர்டனுக்கு ஏன் போனார்கள் என்பதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம், அதை நான் தீர்ப்பாகச் சொல்லவில்லை. ஆனாலும் குடோன் இருந்தவருக்குத்தான் முதல் நாற்காலி என்பதுபோல ஒரு நெருடல்.

2006-இல் அதே வளாகத்தில் மறுபடி கதவுகள் மூடின. இம்முறை ஜேன் ஃபெர்னாண்டஸ். பிறவியிலேயே காது கேளாதவர். ஆனால் பேசி வளர்ந்தவர், சைகை மொழியைக் கற்றது 23 வயதில். 'எனக்குப் போதுமான அளவு காது கேளாமை இல்லை என்கிறார்கள்' என்பதுபோல அவர் தரப்பு. தேர்வு நடந்த விதமும் அவர் நிர்வாக முறையும்தான் பிரச்சினை என்று மாணவர்கள் தரப்பு. அக்டோபர் கடைசியில் ஆட்சிக்குழு நியமனத்தை ரத்து செய்தது. 1988-இன் கேள்விக்கு 'காது கேளாதவர்' என்ற பதில் போதுமானதாக இருந்தது. பதினெட்டு வருடத்தில் அது போதவில்லை. எந்த மொழியில், யாரோடு, எத்தனை நாள் வாழ்ந்தவர் என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அதை நான் முன்னேற்றம் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன், ஃபெர்னாண்டஸுக்கு நடந்தது நியாயமா என்பதில் இன்றும் தெளிவில்லாமலே.

குறிப்பு

கடைசியில் என்ன எழுதினோம்? அவர் சொல்லச் சொல்ல, நான் தட்டச்சு செய்ய, ஆறு வரி வந்தது. 22 வருடம் சரக்கு வினியோகத்தில். பார்வை இழந்த பிறகு 14 மாதம் இதே நிறுவனத்தில் நடமாட்டப் பயிற்சி பெற்றவர். இப்போது சம்பளத்துக்குத் தலைமை நிர்வாகி. மஞ்சள் கோட்டை விட்டுவிட்டோம். இங்கே அதைச் சொல்ல அவரிடம் தனியாக அனுமதி வாங்கினேன், அடையாளம் தெரியும் எதையும் போட மாட்டேன் என்ற உறுதியோடு. 'சம்பளத்துக்கு' என்ற சொல்லுக்கு அறங்காவலரிடமிருந்து இரண்டு போன் வந்தது. நான் அவரிடமே பேசிக்கொள்ளச் சொல்லிவிட்டேன். ஆறு வரி அப்படியே ஏறியது.

போன வாரம் வேறெதையோ தேடிக்கொண்டு அந்தப் பக்கத்துக்குப் போனேன். யாரோ திருத்தியிருக்கிறார்கள். 14 மாதம் காணோம். சம்பளம் காணோம். என் பழைய வரி, என் 'துறந்து', காற்புள்ளி மாறாமல் திரும்ப வந்து உட்கார்ந்திருக்கிறது. கூச்சத்தோடு அவரைக் கூப்பிட்டேன்.

"தெரியும் தம்பி" என்றார். பின்னணியில் ஸ்கிரீன் ரீடரின் கடகடப்பு கேட்டது, அவருடையதைவிட வேகமாக. அந்தப் பயிற்சியாளர் அறையில் இருக்கிறாராம். இரண்டு மாதமாக பட்ஜெட் கூட்டங்களுக்கு அவரையும் கூட்டிப் போகிறாராம், அடுத்த வருடக் கணக்கை அவர்தான் போட்டுக்கொண்டிருக்கிறார். நான் மறுபடி அந்த வரியைப் பற்றி இழுத்தேன். மாற்றச் சொல்லிக் கடிதம் போடட்டுமா என்றேன்.

"போடுங்க. அதுவரைக்கும் பரவாயில்ல" என்றார். "அந்த இடம் வந்ததும் நான் வேகத்தைக் கூட்டிடுவேன்."